தேர் வடம் நிமிர்த்திய வரிக்குதிரை வீடு

பதுங்குகுழிக்குக் கூரை போடுவதற்காகக் குடியிருந்த வீட்டையே அறுத்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வணக்கம், அது நான்தான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், பட்டப்பகலில், நல்ல நிதானத்தோடு அதைச் செய்தேன். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பது இதில் கூடுதல் சிறப்பு.

வீடு என்னுடையதுமல்ல. மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பகுதி வழக்கப்படி நான்தான் பெட்டியோடு அங்கே குடிவந்தவன். ரயில் பாதை போட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஊர் நினைவு தாங்காமல், இங்கிலாந்தில் தன் கிராமத்து வீடுகள் எப்படி இருந்தனவோ அப்படியே அதைக் கட்டுவித்தாராம். கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் வேலையே அதில் இல்லை. முதலில் வீட்டின் முழு எலும்புக்கூட்டையும் மரத்தால் நிறுத்த வேண்டும். ஆணி கிடையாது, மூட்டுக்கு மூட்டு மர முளைதான். பிறகு இடைவெளிகளைக் களிமண்ணால் அடைத்து வெள்ளை அடிக்க வேண்டும். அவர்கள் நாட்டு ஓக் மரம் இங்கே இல்லாததால், துரை வயிரம் பாய்ந்த பனையைப் பிடித்துக்கொண்டார். மரத்துக்குத் தார் பூசினார். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரங்கள் நெடுக்கும் குறுக்கும் சரிவுமாக ஓடின. ஊர் அதற்கு வரிக்குதிரை வீடு என்று பெயர் வைத்தது. துரை கப்பலேறும்போது மனைவியின் பூட்டனார் அதை வாங்கினார். அன்றிலிருந்து தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகவே அது கைமாறி வந்தது.

சண்டை நடந்த அந்த நாளில், குண்டு போடும் பொம்மர் வந்தால் ஓடி ஒளிய வீட்டுக்கு வீடு பதுங்குகுழி இருந்தது. எல்லோரும் ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பி வந்து அதற்குக் கூரை போட்டார்கள். வழக்கம்போல நான் பிந்திப் போனேன். பாதையில் கருங்கல் மட்டும் கிடந்தது. வெறுங்கையோடு திரும்பி, வாசலில் நின்று வீட்டைப் பார்த்தேன். நிமிர்ந்து நிற்கும் மரம் கூரையைத் தாங்குகிறது, சரி. கிடைமரம் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது, அதுவும் சரி. மூலைக்கு மூலை சரிந்து கிடக்கும் இந்தக் கோணல் மரங்கள் எதற்கு? துரையின் அழகுச் சோடனை என்று முடிவு செய்தேன். மனைவி மருதனார்மடம் சந்தைக்குப் போகும்வரை காத்திருந்து, மரம் அறுக்கும் வாளை எடுத்தேன்.

அவள் கத்தரிக்காயோடு திரும்பியபோது பதுங்குகுழிக்கு அருமையான கூரை இருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

மாரி வந்தது, வாடைக்காற்றும் வந்தது. முன்கதவு பூட்ட மறுத்தது. மழைக்குக் கதவு ஊதிவிட்டது என்று விளக்கம் சொன்னேன். பிறகு ஒருநாள் வகுப்பில், மெல்லிய மரச் சிலாகையால் செய்த சதுரச் சட்டமொன்றைப் பிடித்து, நாற்கோணம் இப்படித்தான் சரியும், குறுக்கே ஒரு சிலாகை அடித்து முக்கோணமாக்கினால் அசையாது என்று சொல்லிக்கொண்டு அதை ஆட்டிக் காட்டினேன். சட்டம் கையில் சரிந்தது. அது என் வீடு; நான் அறுத்த கோணல் மரங்கள்தான் அந்தக் குறுக்குச் சிலாகை. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால், வீடு தெற்கே நன்றாகச் சாய்ந்திருந்தது. விழுந்தால் இன்னொன்று கட்ட முடியாது. போர்க்காலம், குடாநாட்டுக்குள் சீமெந்தும் இரும்பும் வரத் தடை. தூக்கி நிறுத்த ஜாக்கி இருந்தவர்களிடமும் லொறிக்கு டீசல் இல்லை.

மனைவியின் தமையனாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எங்கள் கோயில் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சில்லுக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர். அவர் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் எடுத்தது.

"வாத்தியார், உவ்வளவு பெரிய தேரைத் திருப்பிற சனத்துக்கு உந்த வீடு ஒரு பாரமே? வடத்தைக் கட்டி இழுப்பம்."

கோயில் முதலாளியும் மாற்றிவிட்ட பழைய வடத்தைத் தரச் சம்மதித்தார். வெடித்த களிமண்ணையெல்லாம் தட்டி எடுத்து, எலும்புக்கூட்டை வெறுமையாக்கினோம். மேல் விட்டத்தில் சாக்கு சுற்றி வடத்தைக் கட்டினோம். எல்லை மீறி வடக்கே சாய்ந்துவிடாமல் பின்பக்கம் ஒரு கயிற்றை மாமரத்தில் பிடித்தோம். அறுத்தவற்றுக்குப் பதிலாக மச்சான் புது மரங்களைச் சீவி வைத்திருந்தார். மிஞ்சியது ஒரு வேலை. யாராவது உள்ளே நின்று தூக்குக்குண்டைப் பார்க்க வேண்டும். நான் போகிறேன் என்றேன்.

"என்ரை வீடு. நான் நிண்டு பாக்கிறன்" என்றாள் மனைவி. வீடு நேரானதும் கத்தினால் கேட்காது, அடித்துச் சொல்கிறேன் என்று, பூசைக்கு அடிக்கும் கோயில் சேமக்கலத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒழுங்கைச் சனம் முழுவதும் வடத்தைப் பிடித்து நின்றது. நான் ஒரு மேடையில் ஏறி, மூன்று என்றதும் எல்லோரும் மெதுவாக இழுக்க வேண்டும் என்று விளக்கி, ஒன்று என்றேன். யாரோ "அரோகரா" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் இழுத்துவிட்டார்கள். வீடு முனகியது. முளைகள் கிறீச்சிட்டன. தூசிக்குள் மனைவி தெரியவில்லை. நிறுத்துங்கோ என்று கத்திய என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது உள்ளே சேமக்கலம் ஒருமுறை அதிர்ந்தது. தேர்ச்சனம் அல்லவா, பழகிய கைகள் அந்த இடத்திலேயே நின்றன. மச்சான் பாய்ந்து சரிவு மரங்களைப் பொருத்தி முளை அடித்தார். வடத்தைத் தளர்த்தினோம். வீடு அசையவில்லை.

வளவு முழுக்க ஆரவாரம். சுவருக்குக் களிமண் எங்கள் கிணற்றடியிலேயே இருந்தது. குடாநாட்டுக்குள் வரவிடாமல் தடுத்த எந்தச் சாமானும் அந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை. ஒரு பிடி சீமெந்து இல்லாமல், ஒரு ஆணி இல்லாமல், துரையின் வீடு தேர்போல நிமிர்ந்து நின்றது. தலைமுடி முழுக்கத் தூசியோடு மனைவி முன்கதவைத் தள்ளினாள். டக்கென்று பூட்டியது. இன்னும் சுவரில்லாத அந்த வீட்டுக்கு நான் வெளியே நின்றேன் என்பது வேறு கதை.

இன்றைக்கும் எதையாவது தேவையில்லாதது என்று சொல்ல வாய் திறக்கும்போது அந்தச் சேமக்கலம் காதில் அடிக்கிறது. ஒரு ஊர் சேர்ந்து பிடித்தால் நிமிராத வீடு இல்லை என்பதையும், சாய்ந்து நிற்பதுதான் சில நேரம் மற்றதையெல்லாம் நேராக வைத்திருக்கிறது என்பதையும் நான் படித்தது அன்றுதான். ஆனால் அன்று பின்னேரம் வெற்றி என் தலைக்கேறியிருந்தது. பூட்டிய கதவருகே போய், உள்ளே நின்ற மனைவியிடம், குசினிப் பக்கத்து மரம் ஒன்றும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஒருக்கால் பார்க்கட்டோ என்று கேட்டேன்.

"வாளை அண்ணையிட்டைக் குடுத்தாச்சு."