முட்டுக்கல்

டீசல் புகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை எங்கே வந்தாலும், வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டும் அங்கே சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கருங்கல்லும்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஹேண்ட் பிரேக் பிடிக்காத, சாவி போட்டாலும் கிளம்பாத ஜீப் அது. நாலு பேர் இறங்கித் 'தள்ளு ஸ்டார்ட்' செய்ய வேண்டும், அதற்கு முன்னால் முன்சக்கரத்து 'முட்டுக்கல்'லை எடுக்க வேண்டும். ஸ்டாண்டை ஒட்டியே எங்கள் வீடு என்பதால் கல் எடுக்கிற உத்தியோகம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நான் ஐந்தாவது படித்தபோது, அப்பா இல்லாத அந்த வீட்டைப் பூட்டி, என்னைப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டு, அம்மா குடகுக் காபித் தோட்டத்து வேலைக்குப் புறப்பட்டாள். "கல்ல எடுத்துட்டியாம்மா?" என்று டிரைவர் கேட்க, "எடுத்துட்டேங்க" என்று கூசாமல் சொன்னேன். எடுக்கவில்லை. ஐந்து பேர் தள்ளியும் ஜீப் அசையவில்லை. "இன்னாயா இது, மலையவா தள்ளிக்கினு இருக்கோம்?" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அப்போது அம்மாவும் இறங்கிவந்து வண்டியில் கை வைத்தாள். அடிப்பாவி, என்னை விட்டுப் போகிற வண்டியை நீயுமா தள்ளுகிறாய் என்று எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் மூச்சு வாங்க நின்ற நேரத்தில் அம்மா என் காதருகே குனிந்து, "எடுத்துடு கண்ணு, கீழ பஸ்ஸு போயிடும்" என்றாள். எடுத்தேன். அடுத்த தள்ளலில் ஜீப் துள்ளி ஓடியது, அம்மாவும் மற்றவர்களோடு ஓடி ஏறிக்கொண்டாள்.

பதினோராம் வகுப்பில், கள்ளக்குறிச்சியில், ஒரு வண்டிமேல் பல விசைகள் சேர்ந்தால் முடுக்கம் எவ்வளவு என்று கணக்கு வந்தது. ஒரே திசையில் உள்ளவற்றைக் கூட்டி, எதிர்ப்பதைக் கழித்து, மிச்சத்தை வண்டியின் நிறையால் வகுக்க வேண்டும். வகுப்பே திணற, நான் ஒரே நிமிடத்தில் போட்டேன். எனக்கு அது எங்கள் ஜீப்தான். ஆறு பேர் முன்னே தள்ள, கல் அத்தனைக்கும் ஈடாகப் பின்னே தள்ள, மிச்சம் பூஜ்யம், முடுக்கமும் பூஜ்யம். கல் போனால் ஆறு பேர் பலமும் வண்டிக்கே. அந்த ஆறில் ஒன்று அம்மா. அதைச் சொல்லி அழ விடுதியில் எனக்கு ஒருவரும் இல்லை.

போன மாதம் போனில் அம்மாவிடம் துணிந்து கேட்டேன், அன்று கல் இருந்தது அவளுக்கு எப்போது தெரியும் என்று.

"ஏறும்போதே பாத்தேன்டி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு வுட்டேன்."

"அப்புறம் ஏன் தள்ளின?"

"எங்க தள்ளினேன்? சும்மா கைய வெச்சிக்கினு இருந்தேன்."

இப்போது அந்த ஜீப் இல்லை, கல்லும் இல்லை. அங்கே நிற்கிற பஸ் சாவி போட்டதும் கிளம்பிவிடுகிறது. அம்மா இன்னும் குடகில்தான் இருக்கிறாள். அன்று தள்ளியவர்கள் ஐந்து பேர்தான். இத்தனை வருஷமும் நான் ஆறு என்று கூட்டியிருக்கிறேன்.