நான் புகார் கொடுத்த பிக்கப்

என் பெயர் வெங்கடசுப்பிரமணியன். கிழக்கேகோட்டையில் வசிக்கிறேன். வாகனச் சத்தம் பற்றி நான் அளித்த புகாரின் முடிவை அறிவிப்பதே இப்பதிவின் நோக்கம்.

தினமும் விடியற்காலையில், நான் பூஜையறையில் இருக்கும்போது, ஒரு பிக்கப் வண்டி தெருவையே அதிரவைத்துக்கொண்டு போகும். விதிமீறல் என்பதால் வாகன அதிகாரிக்கு எழுதினேன்.

இன்று அவர் வந்து அதைத் தெருமுனையில் மடக்கினார். மகிழ்ச்சியுடன் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

என் பெயரில் பதிவான வண்டி. என் மனைவி கழக்கூட்டம் அலுவலகங்களுக்கு இட்லி அனுப்பும் வண்டி. ஓட்டுவது மைத்துனன் ரமேஷ்.

“ஏர் இன்டேக் மாத்தி, எஞ்சினையும் டியூன் பண்ணியிருக்கேன் அத்திம்பேர். இப்ப பொன்முடி மலை ஏத்தத்துலகூடப் பறக்கும்!”

“இட்லிக்கு எதுக்குடா பொன்முடி?”

அதிகாரி சிரித்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “புகார் கொடுத்ததும் சார், ஓனரும் சார் தன்னே. ஃபைன் ஆருக்கு எழுதணும்?”

“எனக்கே எழுதுங்கள்” என்றேன். பழைய பாகங்களை மாட்டும்வரை வண்டி நகராது என்றும் அறிவித்தேன்.

“ஏன்னா, அதுவரைக்கும் இட்லி எப்படிப் போகும்? ஒரு நாள் தவறினாலும் ஆர்டர் போயிடும்!” என்றாள் மனைவி.

இன்று ஆட்டோவில் அனுப்பிவிட்டோம். நாளை நானே இட்லியோடு பேருந்தில் கழக்கூட்டம் செல்கிறேன். சாம்பார் அண்டாவுக்குத் தனி டிக்கெட் உண்டா என்பதை விதி தெரிந்தவர்கள் தெரிவிக்கவும், உண்டென்றால் எடுத்துவிடுவேன்.