சுங்குடி உறை போட்ட தலையணை

பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து உறை தைத்த குட்டித் தலையணை அது. அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளிகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த அலுவலகத்தில், டைப்பிஸ்ட் அக்காவின் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே அது எப்போதும் இருக்கும். அக்காவுக்குத் தீராத இடுப்பு வலி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார். எங்களிடம் சுத்தமான மதுரைப் பேச்சு.

எனக்கு மத்தியானச் சோறு உள்ளே போனால் போதும், கண் தானாகச் செருகிவிடும். பேனா ஃபைலில் கோழிக் கிறுக்கலாக இழுத்துக்கொண்டே போகும். ஒருநாள் தலை மேஜையில் 'ணங்'கென்று மோதியதைப் பார்த்து அக்கா சிரித்தார். "இப்படி முட்டி மண்டைய ஒடைக்கிறதுக்கு ரெக்கார்டு ரூம்ல போயி செத்த படுங்க தம்பி. யாராச்சும் வந்தா நான் மணி அடிக்கிறேன்" என்றார். டைப்ரைட்டரில் வரி முடியும்போது ஒரு மணி அடிக்குமே, அதுதான். தாளில்லாமலே மூன்று முறை விடாமல் அடித்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். அந்தத் தலையணையையும் எடுத்துக் கொடுத்தார். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல், தினமும் இரண்டிலிருந்து மூன்று மணிவரை, பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவே செய்தித்தாள் விரித்து நான் தூங்கினேன். அந்த ஒரு மணி நேரமும் அக்கா முதுகுக்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து டைப் அடித்தார். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஒரு சித்திரை மாதம், மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்தார். மணி மூன்று முறை அடித்தது. நான் வாரிச் சுருட்டி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஃபைலோடு சீட்டுக்கு வந்துவிட்டேன். தலையணையை மட்டும் மறந்துவிட்டேன். அதிகாரி ரெக்கார்டு ரூமுக்குள் போனவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் தலை அழுந்திய பள்ளம் அதில் அப்படியே இருந்தது.

"யாருதுய்யா இது?"

அலுவலகம் முழுக்கத் தெரியும், அது யாருடையது என்று. அதில் தூங்கியவன் யார் என்பதும் தெரியும். அக்கா எழுந்து நின்றார். "என்னோடதுதான் சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஃபைலுக்குள் குனிந்துகொண்டேன்.

அதைவிடக் கேவலம் மறுநாள் நடந்தது. பணியாளர் மீதான மெமோவுக்கு வரைவு எழுதும் வேலை என் சீட்டில் இருந்தது. 'பணி நேரத்தில் பதிவறையில் உறங்கியமைக்கு' விளக்கம் கேட்டு, என் தூக்கத்துக்கான மெமோவை அக்காவின் பெயருக்கு நானே எழுதினேன். அலுவலகத்தில் ஒரே டைப்பிஸ்ட் என்பதால் அதை டைப் அடிக்க வேண்டியவரும் அவர்தான். நான் நீட்டிய தாளை வாங்கிப் படித்தவர், "எத்தன காப்பி தம்பி?" என்று கேட்டார். மூன்று என்றேன். கார்பன் வைத்து, ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தார்.

அக்காவுக்கு டி. கல்லுப்பட்டிக்கு மாற்றல் ஆனது. அந்த இடுப்போடு தினமும் போக வர பஸ். கிளம்பும் அன்று தலையணையை என் மேஜையில் வைத்தார். "ஒங்களுக்கு இன்னும் புரொபேஷன் முடியல, அதான் நான் வாயத் தெறக்கல. முடிஞ்ச பெறகு நடந்ததச் சொல்லிருங்க தம்பி. எனக்கு மதுரைக்குத் திரும்பி வரணும்" என்றார். சரிக்கா என்றேன்.

நான்கு மாதத்தில் எனக்குப் புரொபேஷன் முடிந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், அதிகாரி மாறட்டும் என்று தள்ளிப் போட்டேன். மதுரைக்கு மாற்றல் கேட்டு அக்கா அனுப்பிய மனுக்கள் என் கை வழியாகத்தான் மேலே போயின. பழைய மெமோவைக் காட்டி ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. மூன்று மனுக்களுக்குப் பிறகு அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். அங்கேயே ஓய்வும் பெற்றார்.

பாவம் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு நன்றாகவே வந்தது. இதைச் சொல்லத்தான் மிகவும் கூசுகிறது.

நானும் ஓய்வு பெற்றாயிற்று. இடுப்பு வலியும் வந்தாயிற்று. பரணிலிருந்து அந்தத் தலையணையை இறக்கி, சாய்வு நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன். போன வாரம் மத்தியானம் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட தலகாணி மாமா? நம்ம வீட்டுச் சேல மாதிரி இல்லையே" என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல ஒரு அக்காவோடது."

"அப்ப ஒங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்து, அவள் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.