தட்டு விழும் சத்தம்

அந்த வாரம் எனக்கு வந்த சொல் 'டெஃபன்'. ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு செயலிக்கு வீட்டிலிருந்தபடியே சொற்பொருள் எழுதுவது என் வேலை. ஒரு வினைச்சொல்லைக் கொடுப்பார்கள். அதன் ஒவ்வொரு பொருளுக்கும் தமிழில் விளக்கமும், எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். பெருஞ்சத்தத்தால் வேறெதுவும் காதில் விழாதபடி செய்வது ஒன்று. ஒருவரை நிஜமாகவே செவிடாக்குவது இன்னொன்று.

முதல் பொருளுக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று ஆடி ஞாயிறு. கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே அம்மன் கோவில். கூழ் ஊற்றும் விழாவுக்காக மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், விடிந்ததிலிருந்து எங்கள் படுக்கையறையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி சவுண்ட் சர்வீஸ்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"நாலு மாசக் குழந்தை இருக்கற வீடுண்ணா. காது செவிடாயிடும் போல இருக்கு!"

"கொயந்த கீதா? மின்னாடியே சொல்றதில்லியாக்கா. இரு, அந்தாண்ட திருப்பி உடறேன்" என்றவர், உடனே ஏணி போட்டு ஏறிவிட்டார். நான் கொண்டுபோன சண்டை அப்படியே மிச்சமாகிப்போனது.

மேலே வந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போகும்போது எப்படிப் படுத்திருந்தாளோ அப்படியே. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சத்தத்தில் இவள் ஒரு முறைகூட எழவில்லை.

எதிர்வீட்டு அக்கா ஏற்கெனவே எச்சரித்திருந்தார். "நல்லா தூங்குதுன்னு யாராண்டயும் வாய் தொறந்துடாத. கண்ணு பட்டுடும்." எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் இதே கதைதான். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது, சமர்த்தாகத் தூங்குகிறது என்று பெற்றவளே சொல்லக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு என் பயத்துக்கு வசதியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

தனியாக இருக்கும்போது அவள் தலைக்குப் பின்னால் நின்று கைதட்டுவேன். சாவிக்கொத்தை ஆட்டுவேன். ஒரு முறை சட்டென்று திரும்பினாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு பார்த்தால், என் நிழல் சுவரில் விழுந்திருக்கிறது. இரண்டாவது பொருளுக்கு வாக்கியம் எழுத மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

இதற்கு நடுவே என் கணவர் வேறு. அந்த நாட்களில் அவர் தொட்டதெல்லாம் கீழே விழுந்தது. டம்ளர், கரண்டி, குக்கர் மூடி. "கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?" என்று கத்துவேன். "கை தவறிடுச்சு" என்பார். இருக்கிற கவலையில் இவர் ஒருத்தர் என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் காலையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது அவரைப் பார்த்தேன். கூடத்தில் பாயில் கிடந்தவளுக்குப் பின்னால் நின்று, ஒரு எவர்சில்வர் தட்டை நெஞ்சுயரத்துக்குத் தூக்கியிருந்தார். கண் தட்டில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது. கையை விட்டார். தட்டு விழுந்து, உருண்டு, சுற்றிச் சுற்றி அடங்கியது. அவள் விரல் சப்பியபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து தட்டை எடுத்தவர் மறுபடியும் தூக்கினார். அப்போது என்னைப் பார்த்துவிட்டார்.

"கை தவறி..." என்று தொடங்கினார்.

"எப்பலேர்ந்துங்க?"

"ஆடி பொறந்ததுலேர்ந்து. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தேன். இருவரும் பாயில் அவளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்து அழுதோம். அவள் எங்களை மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே காது மருத்துவரிடம் ஓடினோம். தலையில் ஒயர் ஒட்டிச் செய்கிற பரிசோதனை, குழந்தை தூங்க வேண்டும் என்றார்கள். ஆடி மாதத்து ஸ்பீக்கருக்கு அசையாதவள் அன்றைக்குப் பார்த்து கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். ஒருவழியாகத் தூங்கிய பிறகு தெரிந்தது, இரண்டு காதிலும் நரம்புக் குறைபாடு. கருவி வைத்தால் ஓரளவு கேட்கும், எவ்வளவு என்று போகப்போகத்தான் தெரியும்.

"அந்த ஸ்பீக்கராலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, பிறவியிலேயே இருந்திருக்கு."

சண்டை போட ஓர் ஆளாவது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மாலை இரண்டாவது பொருளுக்கு, வெடிகுண்டு ஒரு சிப்பாயைச் செவிடாக்கியது என்று எழுதி அனுப்பினேன். எங்கள் வீட்டில் எதுவும் வெடிக்கவில்லை.

கருவி வைத்த பிறகும் பயம் போகவில்லை. அதைப் பிடுங்கி வாயில் வைப்பாள். கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், சில நாள் திரும்பமாட்டாள். கருவி வேலை செய்யவில்லையா, அவளுக்கு மனமில்லையா என்று தெரியாமல் தவிப்போம்.

அடுத்த ஆடியும் வந்தது. பால்கனியில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே அதே சவுண்ட் சர்வீஸ்காரர் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். முன்னறிவிப்பில்லாமல் ஸ்பீக்கர் ஒரு முறை வீறிட்டது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. உதடு பிதுங்கியது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீடே அதிர அழுதாள். அடுக்களையிலிருந்து கணவர் ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"இன்னாக்கா, கொயந்த தூங்குதா? திருப்பி உடட்டா?" கீழிருந்து கேட்டார் அவர்.

"திருப்புங்கண்ணா! சத்தம் தாங்காம அழுவுறா!" என்று கத்தினேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். கண் பட்டால் படட்டும் என்று, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.