கழுத்தில் போட்ட கோடு

பன்னிரண்டாம் வகுப்பில் கோபால்ட் என்று பலகையில் எழுதினால் பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும். அந்தப் பெயருக்குப் பக்கத்துப் பெயருள்ள பையன் எப்படியும் ஒருத்தன் வகுப்பில் இருப்பான். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு பாடத்தைத் தொடங்குவேன். அணு எண் இருபத்தேழு. லேசாக நீலம் பாரித்த வெள்ளை உலோகம், கெட்டியானது. இரும்பைப் போல இதையும் காந்தம் இழுக்கும். இரும்பு காந்தத்தன்மையை இழக்கும் சூட்டிலும் இது இழக்காது. கண்ணாடியில் துளி கலந்தால் அடர்ந்த நீலம். இதன் குளோரைடில் நனைத்து எடுத்த தாள் காய்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. அந்தத் தாளை ஆய்வகத்தில் காட்டுவேன். கோவில்பட்டி வெயிலில் அது பெரும்பாலும் நீலமாகவே கிடக்கும்.

கடைசியாக ஒரு பயன் இருக்கிறது. கோபால்ட் அறுபது. அதிலிருந்து காமாக் கதிர் வரும், அதை வைத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்வார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் இப்போதெல்லாம் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

என் அண்ணன் செம்மறி ஆடு வைத்திருந்தான். நாங்கள் ஆட்டுக்காரக் குடும்பம். படித்து வாத்தியாரானது நான் ஒருத்திதான். கரிசல் காட்டில் அறுப்பு முடிந்ததும் ஊர் ஊராகப் போய், எருவுக்காக ஆட்டை மடக்கிக் கிடை போடுவான். அவன் கையில் கம்பு இருக்கும், ஆனால் ஆட்டின்மேல் பட்டு நான் பார்த்ததில்லை. எல்லாம் குரல்தான். நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பான். காட்டின் அந்தக் கோடியில் மேய்கிற ஆடும் தலையைத் தூக்கும். சுதி சேராத குரல்தான். கல்யாண வீட்டில் பாடப்போய் ஏச்சு வாங்கியிருக்கிறான்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றான், பனங்கற்கண்டு தின்றான். ரயிலேறிப் போகும் தூரத்தில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் குரல்வளையில் புற்று என்று சொன்னார்கள். குரல்வளையை எடுத்துவிடலாம், அல்லது கதிர் கொடுத்துப் பார்க்கலாம். கதிர் பலித்தால் குரலும் தப்பும் என்றார் டாக்டர். அண்ணன் யோசிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் கதிர் கொடுப்பதற்குக் ‘கரண்டு வைக்கிறது’ என்று பேர். கரண்டு இல்லை அண்ணே, அது கோபால்ட் என்று நான் பாடம் எடுத்தேன். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், வெள்ளி என்று நம்பி உருக்கப்போய் விஷப்புகை வந்ததால் பேயின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள் என்ற கதையையும் சொன்னேன்.

“பேயா? அப்பச் சரிதாம்ட்டி. முள்ள முள்ளாலதான எடுக்கணும்” என்றான்.

கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள்தான் கதிர் விழ வேண்டும். சிகிச்சை முடியும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது. தோளுக்குக் கீழேதான் குளியல். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளித்தான். மதினி தினமும் அவனோடு ரயிலில் போய்வந்தாள். பாதி சிகிச்சையிலேயே குரல் கொஞ்சம் தெளிந்தது. போனில் “ஏட்டி” என்று அவன் கூப்பிட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மதினியின் அப்பா தவறிப்போனார். ஆண்பிள்ளை இல்லாத வீடு. மருமகன் என்று இவன் ஒருத்தன்தான். இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் சுமந்து வரவேண்டும். உடம்புக்கு முடியாதவன், வேறு யாராவது எடுக்கட்டும் என்று பெரியவர்களே சொன்னார்களாம்.

“நான் இருக்கும்போது இன்னொருத்தன் எடுக்கதா?” என்று கேட்டுவிட்டு, கழுத்துப் பையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். குடம் இறக்கித் துவட்டும்போது துண்டில் ஊதா இருந்தது.

மறுநாள் போய் அழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவர்கள் திரும்பப் போட்டிருப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆஸ்பத்திரியில் ஏசுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு நோயைவிடப் பெரிது. வீட்டில் ஆட்டுக்கு அடையாளம் போடுகிற சாயம் இருந்தது. அதுவும் ஊதாதான். மதினி ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதைத் தொட்டு, அவன் கழுத்தில் கோடு இழுத்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தவர், விளக்கை அருகே இழுத்தார்.

“இது நாங்க போட்ட கோடு இல்லையே.”

மதினி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். “நாந்தான்யா போட்டேன். அதே எடந்தான். அவிய கழுத்துல மச்சம் இருக்குல்லா, அதப் பாத்துத்தான் போட்டேன்.”

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். “ஒரு விரற்கடை தள்ளியிருக்கும்மா. இத்தனை நாளும் கதிர் கொஞ்சம் விலகித்தான் விழுந்திருக்கும்” என்றார். ஒரு நர்ஸ் வந்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். ஆட்டுச் சாயம் மழைக்கே போகாது. ஏற்கெனவே கதிர் பட்டுக் கருகியிருந்த தோல் அது. அண்ணன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிகிச்சையைக் கூட்டி முடித்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் கட்டி மறுபடியும் வந்துவிட்டது. குரல்வளையை எடுத்தார்கள். தொண்டையில் ஒரு ஓட்டை, அதை மறைக்க ஒரு துண்டு. அதற்கும் கீழே மறுபடியும் வந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோட்டினால்தானா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மதினிமேல் என்று நினைப்பேன், அவள் மச்சத்தைப் பார்த்துப் போட்டேன் என்றது ஞாபகம் வரும். அவளுடைய அப்பாமேல் என்றால், செத்தவர்மேல் கோபப்பட்டு ஆகப்போவது என்ன?

அண்ணனால் காட்டில் அலைய முடியவில்லை, ஆடுகளை விற்கத்தான் வேண்டியிருந்தது. குரல் இல்லாத அண்ணனுக்கு அவை அடங்கினாலும், மதினி குரலுக்கு அடங்கவில்லை. ரெண்டு தடவை பருத்திக் காட்டில் இறங்கிவிட்டன. வாங்க வந்தவர் மினி லாரியைக் காட்டோரம் நிறுத்திப் பலகை சாத்தினார். ஒரு ஆடும் ஏறவில்லை. அவரோடு வந்த ஆட்கள் அதட்டினார்கள், ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பின்வாங்கின.

அவர் அண்ணனைப் பார்த்தார். துண்டுக்குள் இருப்பது அவருக்குத் தெரியாது. “அண்ணாச்சி, நீங்க ஒரு சத்தம் குடுங்க. ஏறிரும்.”

அண்ணன் வாயைத் திறந்தான். வழக்கம்போல நாக்கைச் சுழற்றினான் என்றுதான் நினைக்கிறேன். துண்டு மட்டும் லேசாக ஆடியது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் கம்பைக் கீழே போட்டான். பலகையில் கால் வைத்து, மூச்சு வாங்க, லாரிக்குள் ஏறி உள்பக்கமாகப் போய் நின்றான். கிடாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் ஏறியது. அதன் பின்னால் எல்லாம் ஏறின. முதுகில் ஊதா அடையாளத்தோடு அத்தனையும் அவனைச் சுற்றி நெருக்கி நின்றன.

பிறகு அவற்றை விலக்கிக்கொண்டு அவன் மட்டும் இறங்கினான்.