தடித்த எழுத்தில் ஒரு தாத்தா

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் விளம்பரப் பலகைகள் அச்சிடும் சின்னக் கடையொன்றில் எழுத்துகளை வடிவமைப்பது என் வேலை. எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது ஸ்லாப் செரிஃப் என்ற வகை, அதிலும் தடித்தது. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் செங்கல்லை வெட்டி ஒட்டியதுபோல் சதுரக் கட்டை இருக்கும். நெளிவு சுளிவு எதுவும் கிடையாது. மாட்டுத் தீவனக் கடை, பார்பெக்யூ கடை, பள்ளிக்கூட ஃபுட்பால் சட்டை எல்லாவற்றிலும் அதுதான். எனக்கு அதைப் பிடித்ததே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு கத்திப் பேசுகிற ஆளைப்போல இருக்கும்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். ஈரோட்டுக்காரி. அவளுடைய மாமனார் ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்தார்.

"அக்கா, மாமா ஆறரைக்கு வாக்கிங் போனாருங்க. இன்னும் வரல. போனையும் வச்சுட்டுப் போயிட்டாரு."

அப்போது மணி ஒன்பதரை. வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. அவருக்கு எழுபத்து மூன்று வயது, சர்க்கரை வேறு. 'தேங்க்யூ' தவிர இங்கிலீஷ் வராது. போலீஸுக்குச் சொல்லியாயிற்று. அவள் கணவர் காரில் தேடிக்கொண்டிருந்தார். கடைச் சாவி என்னிடம் இருந்ததால், அவளைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போனேன்.

முதலில் மெல்லிய, அழகான எழுத்தில் எல்லா விவரத்தையும் போட்டேன்: உயரம், சட்டை நிறம், கடைசியாகப் பார்த்த இடம். புல்தரையில் கம்பி குத்தி நிறுத்தும் பிளாஸ்டிக் அட்டையில் ஒன்று அச்சடித்து ரோட்டோரம் வைத்துவிட்டு, அவளை அந்த வழியாக ஒருமுறை டிரைவ் பண்ணி வரச் சொன்னேன்.

திரும்பி வந்து சொன்னாள்: "ஒண்ணுமே படிக்க முடியலக்கா. வெள்ளையா ஒரு அட்டை நிக்குது, அவ்வளவுதான்."

அரை மணி நேரம் வீணாகியிருந்தது. வேறு வழியில்லாமல் அந்தத் தடித்த எழுத்தை எடுத்து, அட்டை முழுக்க 'மிஸ்ஸிங்' என்று இங்கிலீஷில் போட்டேன். கீழே அவருடைய விசா போட்டோ, போன் நம்பர்.

அட்டைகளை வாங்கிப்போக வந்த பெரியவரின் மகன் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது வான்டட் போஸ்டர் மாதிரி இருக்குங்க."

அவர் சொன்னது உண்மை. குற்றவாளிகளைத் தேடி இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஒட்டிய நோட்டீஸ் இதே மாதிரி எழுத்தில்தான் இருக்கும். விசா போட்டோவில் யார் சிரித்திருக்கிறார்கள்?

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அப்பா வழி தெரியாம யார் வீட்டு பேக்யார்டுக்குள்ளயாவது போயிட்டா? இதப் பாத்தவன் என்ன நினைப்பான்? கையில கன் வச்சிருந்தா?"

காலையிலிருந்து எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது. அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறு நான்கு வகை எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன். தூரத்திலிருந்து எதுவும் எடுபடவில்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மிஸ்ஸிங் வேண்டாங்கக்கா. 'கிராண்ட்பா இஸ் லாஸ்ட்'னு போடுங்க. பாப்பாவ மடியில வச்சுச் சிரிக்கிற போட்டோ இருக்கு, அதப் போடலாம்."

எழுத்தை மாற்றவில்லை, வார்த்தையை மட்டும் மாற்றினேன். 'கிராண்ட்பா' மேலே பெரிதாக வந்தது. அதே கட்டைகள்தான், ஆனால் இப்போது மிரட்டல் இல்லை. மகன் சரியென்று தலையசைத்தார். இருபது அட்டை அடித்து, மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் சிக்னல் சிக்னலாக நட்டுவிட்டு வந்தோம்.

இரண்டரை மணிக்கு ஒரு பெண் போன் பண்ணினாள். டெலிவரி வேன் ஓட்டுகிறவள். ரெட் லைட்டில் நின்றபோது 'கிராண்ட்பா' என்ற வார்த்தை மட்டும் கண்ணில் பட்டதாம். மூடிக்கிடந்த கார் வாஷ் ஒன்றின் பின்னால், மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தது உடனே ஞாபகம் வந்ததாம்.

அவரேதான். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது பேசினார்.

"எல்லா வூடும் ஒரே மாதிரி இருக்குது அம்மணி. எதுல போயிக் கேக்கறது? கேக்கவும் பயமாப் போச்சு."

அன்று சாயங்காலம் மகனும் நானும் அட்டைகளைப் பிடுங்கிச் சேர்த்தோம். "கடையில டென்ஷனாப் பேசிட்டேனுங்க," என்றார். நீங்கள் சொன்னது சரிதான் என்றேன்.

அந்த வாரமே பெரியவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன கார்டு செய்தேன். பழக்கத்தில் அதே எழுத்தைப் போட்டேன். அந்தச் சின்ன அளவில் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மை சிந்தியதுபோல் ஆகிவிட்டது. சாதாரண எழுத்துக்கு மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்குது?"

"எனக்குத் தமிழ்தான் தெரியும், என் பையனுக்கு போன் பண்ணுங்கன்னு இருக்குங்க."

"பின்னாடி தமிழ்லயும் போட்டுரு அம்மணி. பையில என்ன வச்சிருக்கறேன்னு எனக்கும் தெரியோணுமல்ல."

போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் மெயில்பாக்ஸ் வரை மட்டுமே நடந்தார். அவர் ஊருக்குப் போகும்வரை, நான் வீட்டிலிருக்கும்போது கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவேன். அவர் திரும்பி வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் போய் உட்காருவேன்.