காலிக் கட்டில் கேட்ட கேள்வி

ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைச் சிரிக்க வைத்துத் திட்டு வாங்குகிற சகாயம் நான்தான். இன்றைக்கு மட்டும் சிரிக்காமல் கேளுங்கள். என் கையால் ஒரு அம்மா சாக இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஆண் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் வாங்கிய மார்க் முப்பத்தெட்டு. அதிலும் மூன்று மார்க் வாத்தியார் இரக்கப்பட்டுப் போட்டது. அப்படிப்பட்டவன் கையில்தான் இன்சுலின் ஊசி.

எங்கள் சீனியர் ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். இன்சுலின் போடுமுன் குப்பியில் எழுதியிருப்பதை ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். "ரெண்டு பேர் மாத்தி மாத்திப் படிக்கறதுக்கு இது என்ன ஜெபமாலையா சிஸ்டர்?" என்று நான் கேலி பண்ணுவேன். வார்டே சிரிக்கும். சிஸ்டர் சிரித்ததில்லை.

அந்த ஆகஸ்டில் இந்திரா மாமி வந்து சேர்ந்தார். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். அமெரிக்காவில் இருக்கும் மகன் அம்மாவுக்காக அங்கேயே இன்சுலின் வாங்கி, பிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர்க் குப்பியில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். எங்கள் ஊசியிலும் நாற்பதுக்குத்தான் கோடு. அவர் கொண்டுவந்த குப்பியில் ஒரு மில்லிக்கு நூறு. அது குப்பியிலேயே அச்சடித்திருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பகல் பன்னிரண்டரை மணி. ஸ்டெல்லா சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். மாமிக்கு இருபது யூனிட். மகன் கொண்டுவந்த குப்பியை அன்றுதான் முதல் தடவையாக எடுத்தேன். ஊசியில் இருபதாவது கோடு வரை இழுத்தேன், போட்டேன், ஒரு ஜோக்கும் சொன்னேன். எட்டாவது கோட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். இருபது யூனிட்டுக்குப் பதில் ஐம்பது உள்ளே போய்விட்டது. அது எனக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து வர வேண்டிய சாப்பாடும் அன்று தாமதம். கரண்ட் போய் மின்விசிறி நின்றது. ஒன்றரை மணி இருக்கும், மாமி ஜன்னலோரக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு மெல்லச் சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"யாரு மாமி?" என்றேன், விளையாட்டாக.

"தலையெல்லாம் ஈரமா உக்காந்துண்டிருக்காளே, அவதான். தொவட்டிக்கப்படாதோ?"

அந்தக் கட்டிலில் விரித்த துப்பட்டி கசங்காமல் இருந்தது. காற்றே இல்லை, ஆனாலும் என் பிடரியில் சில்லென்றது. மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. குரல் மட்டும் தணிந்தது.

"குப்பில என்ன போட்டிருக்குன்னு கேக்கறாடா. படிச்சியோன்னு கேக்கறா."

ஓடிப்போய்க் குப்பியை எடுத்தேன். நூறு. வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கைத்தான் நான் ஒரு நொடியில் போட்டிருக்கிறேன், அது அன்றைக்குத்தான். திரும்பி வந்தபோது மாமி பேச்சற்றுக் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது.

அதற்குள் ஸ்டெல்லா சிஸ்டர் வந்துவிட்டார். மறைக்க ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கட்டில் பார்த்துக்கொண்டிருந்தது. "சிஸ்டர், நான் படிக்காமப் போட்டுட்டேன்" என்றேன்.

"அழுவறதெல்லாம் அப்பால அழு. குளுக்கோஸ் ஏத்தணும், வெயினப் புடி. நான் போய் டாக்டர இட்டுனு வரேன்."

மாமியின் நரம்பு மூன்று நாளாக யாருக்கும் அகப்படாத நரம்பு. என் கையோ தந்தியடித்தது. நான் ஜெபம் சொல்லத் தெரியாதவன் இல்லை, அதுவரை சொல்லாதவன். "மாதாவே, என் வாய்க்கொழுப்புக்கு இந்த அம்மாவை வாங்கிக்காதே. என்னை என்ன வேணா பண்ணு." அவ்வளவுதான் வந்தது. கை நின்றது. ஊசி முதல் குத்திலேயே நரம்பில் போனது. டாக்டர் மாடியிலிருந்து வந்து குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மாமி கண்ணைத் திறந்து, "சாப்பாடு வந்துடுத்தா?" என்றார்.

மாமிக்கு ஒன்றும் நினைவில்லை. சர்க்கரை இறங்கினால் அப்படி உளறுவார்கள் என்றார் டாக்டர். சரிதான். மாமியின் மகனிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். வாங்கிய திட்டும் நியாயமானது. பத்து நாள் கழித்து மாமி நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆனால் அன்று மாலை அந்தக் காலிக் கட்டிலின் தலையணை உறை நனைந்திருந்தது. மழை இல்லை, பக்கத்தில் குழாயும் இல்லை. "பயத்தில் நீயே சாய்ந்திருப்பாய், உன் வியர்வைதான்" என்பார்கள் நண்பர்கள். இருக்கலாம். ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, உறையைக் கழற்றிச் சலவைக்குப் போட்டார்.

கேட்டது யார் என்று எனக்குத் தெரியாது. கேட்க வைத்தவர் யார் என்று தெரியும். நன்றி சொல்லி முடியவில்லை. அன்றிலிருந்து எந்தக் குப்பியையும் இன்னொருவர் பார்க்காமல் நான் தொட்டதில்லை. உங்களுக்கும் கை நடுங்கும் நாள் வரும். கூப்பிடுங்கள், அவர் வருவார். ஆனால் அவர் அனுப்பும் ஆள் "படிச்சியா?" என்று கேட்டால் என்னைப் போல் ஜோக்கடிக்காதீர்கள்.

இப்போதும் ஊசியை நிரப்பியதும் பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் குப்பியைக் காட்டுகிறேன். அவர் சரி சொன்ன பிறகு, யாரும் பார்க்காதபோது, காலிக் கட்டில் பக்கமும் ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.